குழந்தைக்குப் பிறந்தநாள்: வீட்டுக் கேக் பற்றி உங்கள் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான். குழந்தைக்குப் பிறந்தநாள் வருகிறது, கேக்கை வீட்டிலேயே செய்ய ஆசை, ஆனால் பயம். மதுரையில் என் வீட்டு அடுக்களையில் வகுப்பு எடுக்கும்போதும் இதே பயத்தைத்தான் பார்க்கிறேன். எல்லோரும் கிரீமையும் அதில் பூப் போடுவதையும் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சுதான் முக்கியம். அது மெத்தென்று வந்துவிட்டால் மேலே ஜாம் மட்டும் தடவினாலே பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிடுவார்கள். அதனால் ஸ்பாஞ்சு சம்பந்தப்பட்ட கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, நான் இதுவரை கேக்கே செய்ததில்லை. பையனுக்கு 5 வயது முடிகிறது. முட்டை சேர்ப்போம். தப்பாமல் வரும் ஒரே ஓர் அளவு சொல்லுங்கள்.
*வாசகி, விருதுநகர்*

7 அங்குல வட்ட டின்னுக்கு இந்த அளவு: மைதா 150 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை 3, வாசனை இல்லாத எண்ணெய் 80 மில்லி, பால் 60 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். வெனிலா வாசனையை அமுக்கிவிடும். சூரியகாந்தி எண்ணெய் போதும்.

முட்டையை ஒரு மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். சர்க்கரையை மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். டின்னின் அடியில் பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டிப் போட்டு, ஓவனை 170 டிகிரியில் சூடேற விடுங்கள். மாவு தயாராகும்போது சூடும் தயாராக இருக்க வேண்டும். மாவைக் கலக்கி வைத்துவிட்டு ஓவனுக்காகக் காத்திருந்தால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய்விடும். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள்.

இனி முட்டை. இங்கேதான் பொறுமை வேண்டும். முட்டையையும் சர்க்கரையையும் பீட்டரால் ஏழெட்டு நிமிடம் அடியுங்கள். முதலில் மஞ்சளாக, நுரை பெரிது பெரிதாக இருக்கும். அப்புறம் நுரை பொடியாகி, நிறம் வெளுத்து, அளவு இரண்டு மூன்று மடங்காகும். பீட்டரைத் தூக்கிப் பாருங்கள். ரிப்பன் போல வழிந்து, மேலே இரண்டு மூன்று நொடி கோடாக நின்று கரைய வேண்டும். உடனே கரைந்தால் இன்னும் இரண்டு நிமிடம் அடிக்கலாம். இந்தப் பதம் வந்ததும் பீட்டரை ஓரமாக வைத்துவிடுங்கள். எண்ணெய், பால், எசன்ஸை மெதுவாக ஊற்றி, மைதாவை மூன்று தடவையாகப் போட்டு, அகப்பையால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிக் கலக்குங்கள். மாவு கண்ணுக்குத் தெரியாமல் கலந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கலக்கினால் மைதாவின் பசைத்தன்மை இறுகி, கேக் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

35 முதல் 40 நிமிடம் வேகும். சுத்தமான ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும். பத்து நிமிடம் டின்னிலேயே ஆறவிட்டுக் கவிழ்த்துவிடுங்கள். பிறந்தநாளுக்கு முதல் நாள் ராத்திரியே இதைச் செய்து, நன்றாக ஆறியதும் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். மறுநாள் இரண்டாக அறுக்கும்போது உதிராது. கத்தி கோணினால் தையல் நூலைக் கேக்கைச் சுற்றிக் கட்டி இரு முனையையும் குறுக்கே இழுங்கள், சமமாக அறுபடும்.

எங்களிடம் ஓவன் இல்லை. குக்கரில் செய்தால் அதே மாதிரி வருமா?
*வாசகி, தஞ்சாவூர்*

வரும். மேல்பக்கம் மட்டும் ஓவனில் போலச் சிவக்காது, வெளுப்பாகவே இருக்கும். கிரீம் தடவினால் அது தெரியப்போவதில்லை.

தினமும் சமைக்கிற நல்ல குக்கரை இதற்கு எடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் முக்கால் மணி நேரம் காய்வது அதற்கு நல்லதல்ல. பழைய, அடி கனமான பாத்திரமும் அதற்குச் சரியாக மூடும் தட்டும் போதும். நான்ஸ்டிக் கூடவே கூடாது. குக்கர்தான் இருக்கிறதென்றால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். கேஸ்கெட்டில் ஊறிய சாம்பார் வாசனை கேக்கில் ஏறும் என்பது ஒரு பக்கம், உள்ளே ஆவி அடைபடக் கூடாது என்பது அதைவிட முக்கியம். அடியில் ஒரு டம்ளர் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டை வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். அப்புறம் டின்னை இறக்கி மூடி, தீயைச் சிம்மில் வையுங்கள். 45 முதல் 50 நிமிடம் ஆகும். முதல் அரை மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். அந்த உப்பை ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த கேக்குக்கும் ஆகும்.

என் கேக் நன்றாக எழும்பிவிட்டு நடுவில் குழி விழுகிறது. ஏன்?
*வாசகி, நாகர்கோவில்*

என் மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்கு இதே குழி எனக்கும் விழுந்தது. பதினைந்தாவது நிமிடம் ஆசையாக ஓவனைத் திறந்து பார்த்தேன். குளிர்ந்த காற்று பட்டதும் கண் முன்னாலேயே நடுப்பகுதி இறங்கியது. அன்று அழுகையே வந்துவிட்டது. அந்த நேரத்தில் மாவு எழும்பியிருக்குமே தவிர இறுகியிருக்காது. சூடு குறைந்தால் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒன்றும் இல்லை.

நீங்கள் திறக்கவில்லை என்றால் வேறு இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, பேக்கிங் பவுடர் அதிகம். ‘நன்றாக உப்பட்டும்’ என்று அரை ஸ்பூன் கூடப் போட்டால் குமிழ்கள் பெரிதாகி உடைந்து அமுங்கிவிடும். இரண்டு, உள்ளே வேகவில்லை. ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவனில், சூடாகும் மேல் ராடு கேக்குக்கு மிக அருகில் இருக்கும். மேலே சிவந்துவிட்டதே என்று வெளியே எடுத்துவிடுகிறோம், நடுவில் பச்சையாகவே இருக்கிறது. டின்னைக் கீழ்த் தட்டில் வையுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகி மேல்பக்கம் சிவக்கத் தொடங்கினால் ஒரு அலுமினிய ஃபாயிலை மேலே போர்த்திவிடுங்கள்.

இதற்கு நேர்மாறாக, நடுவில் கோபுரம் போல எழும்பி வெடித்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். பத்துப் பதினைந்து டிகிரி குறையுங்கள். விழுந்த குழியைத் திருத்த முடியாது. ஆனால் அதில் ஜாமும் நறுக்கிய பழமும் நிரப்பி கிரீமால் மூடிவிடலாம், நான் அன்று அப்படித்தான் செய்தேன்.

ஊட்டியில் இருக்கிறோம். சென்னையில் அம்மா வீட்டில் சரியாக வந்த அதே அளவு, இங்கே எழும்பி அமுங்கிவிடுகிறது. அடுப்பில் கோளாறா?
*வாசகி, உதகமண்டலம்*

அடுப்பில் ஒரு கோளாறும் இல்லை, உயரம்தான் காரணம். நீங்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள். அங்கே காற்றழுத்தம் குறைவு. அதனால் மாவுக்குள் இருக்கும் குமிழ்கள் வேகமாக, பெரிதாக விரிகின்றன. மாவு வெந்து இறுகுவதற்குள் அவை உடைந்துவிடுகின்றன. தண்ணீரும் அங்கே 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும் என்பதால் ஈரம் சீக்கிரம் போய் கேக் வறண்டுவிடும்.

மேலே சொன்ன அளவில் பேக்கிங் பவுடரை 1 டீஸ்பூனாகக் குறையுங்கள். சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டியைக் குறைத்து, பாலில் இரண்டு மேசைக்கரண்டியைக் கூட்டுங்கள். ஓவனை 180-இல் வையுங்கள், சீக்கிரம் இறுகட்டும். முட்டையை ரிப்பன் பதத்துக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்திவிடலாம். டின்னில் பாதி வரைக்கும்தான் மாவு. கொடைக்கானல், குன்னூர் வாசகிகளும் இதையே செய்து பாருங்கள்.

நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை. கண்டென்ஸ்டு மில்க்கும் வேண்டாம், திகட்டுகிறது. வேறு வழி?
*வாசகி, மயிலாப்பூர்*

தயிர்தான். ஒரு கப் கெட்டித் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரைத்து, 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து நுரைத்துப் பொங்கும், கிண்ணம் பெரிதாக இருக்கட்டும். பிறகு அரை கப் எண்ணெய், எசன்ஸ், சலித்த மைதா ஒன்றரை கப். கலந்ததும் உடனே ஓவனுக்குள் போக வேண்டும். அளவெல்லாம் 240 மில்லி கப்பில்.

சோடாவை அரை டீஸ்பூனுக்கு மேல் கூட்டாதீர்கள், சோப்பு ருசி வந்துவிடும். தயிர் புளித்திருக்கலாம், ஆனால் மோர்க்குழம்பு வைக்கும் அளவுக்குப் புளித்தது வேண்டாம். பேக்கிங் பவுடர் டப்பா போன வருடத்தியது என்றால் அரை ஸ்பூனை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சுறுசுறுவென்று பொங்காவிட்டால் புதிது வாங்கிவிடுங்கள்.

கப் செட் இல்லை. வீட்டு டம்ளரால் அளக்கலாமா?
*வாசகர், சேலம்*

முட்டையில்லாத கேக் என்றால் மைதா, சர்க்கரை, தயிர், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளந்தால் விகிதம் மாறாது. ஆனால் டம்ளர் சிறியதென்றால் சோடாவையும் பேக்கிங் பவுடரையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். பழைய அளவான ஓர் ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லி, 240 மில்லி கப்பில் முக்காலுக்கும் குறைவு. முட்டைக் கேக்குக்கு டம்ளர் அளவு சரிப்படாது. முட்டை ஒவ்வொன்றும் தன் அளவில்தான் இருக்கும், டம்ளருக்கேற்ப மாறாது. சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மே மாதம் பிறந்தநாள். போன வருடம் கிரீம் உருகி வழிந்து கேக்கே சரிந்துவிட்டது. என்ன செய்வது?
*வாசகி, வேலூர்*

வேலூர் வெயிலில் கிரீம் கேக் செய்வது உங்களுக்கும் கஷ்டம், கேக்குக்கும் கஷ்டம். வெண்ணெய் 32 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கிவிடும், அதனால் பட்டர் கிரீமும் நிற்காது. சமையலுக்கு வாங்கும் ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான், எவ்வளவு அடித்தாலும் கெட்டியாகாது.

எனக்குக் கேட்டால் ஹனி கேக் செய்யுங்கள் என்பேன். ஐயங்கார் பேக்கரியில் வெட்டித் தருவார்களே, சிவப்பு ஜாமும் தேங்காய்த் துருவலுமாக, அதேதான். அரை கப் தண்ணீரில் கால் கப் சர்க்கரையைக் கொதிக்கவிட்டு இறக்கி, வெதுவெதுப்பாக ஆறியதும் இரண்டு மேசைக்கரண்டி தேன் கலக்குங்கள். ஆறிய ஸ்பாஞ்சை ஃபோர்க்கால் அங்கங்கே குத்தி, இந்தப் பாகைக் கரண்டி கரண்டியாக ஊற்றுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் அங்கே மட்டும் கொழகொழத்துவிடும். நான்கு மேசைக்கரண்டி மிக்ஸட் ஃப்ரூட் ஜாமை ஒரு கரண்டி பாகோடு லேசாகச் சூடாக்கினால் தடவ வசதியாக இளகும். அதை மேலே மெல்லிசாகப் பூசி, உலர்ந்த தேங்காய்த் துருவலைத் தூவிவிடுங்கள். உருகி வழிய இதில் ஒன்றுமே இல்லை. பாகு ஊற ஊற, சாயங்காலத்துக்கு இன்னும் ருசிக்கும்.

கிரீம்தான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், பேக்கரிப் பொருள் கடைகளில் உறைந்த பாக்கெட்டாகக் கிடைக்கும் நான்-டெய்ரி விப்பிங் கிரீமை வாங்குங்கள். முதல் நாள் ஃபிரீஸரிலிருந்து கீழ்த் தட்டுக்கு மாற்றி, கிண்ணத்தையும் பீட்டர் கம்பியையும் கால் மணி நேரம் ஃபிரீஸரில் வைத்து, ஐஸ் நிரம்பிய தட்டின் மேல் வைத்து அடியுங்கள். வெட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்புவரை கேக் ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும்.

முதல் பிறந்தநாள். பாப்பாவுக்கும் ஒரு வாய் கேக் கொடுக்கலாமா?
*வாசகி, திருச்சி*

பெரியவர்கள் கேக்கைக் கொடுக்க வேண்டாம். இரண்டு வயது வரை சர்க்கரை சேர்த்ததைத் தவிர்க்கச் சொல்லித்தான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். தேன், ஒரு வயது நிறையும் முன்பு துளிகூடக் கூடாது. சர்க்கரை உருண்டைகள், முழு முந்திரி எல்லாம் தொண்டையில் சிக்கும் ஆபத்து.

பாப்பாவுக்கென்று தனியாக ஒன்று செய்யலாம். நன்றாகக் கனிந்த இரண்டு வாழைப்பழத்தை மசித்து, ஒரு முட்டை, கால் கப் தயிர், மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு கப் கோதுமை மாவு, 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்து, எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் ஊற்றிப் பதினைந்து நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். பழத்தின் இனிப்பே போதும். முட்டை, கோதுமை, பால் பொருள் மூன்றையும் பாப்பா ஏற்கனவே சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். பிறந்தநாள் அன்று எதையும் முதல் முறையாகக் கொடுக்காதீர்கள்.

பீட்ரூட் சாறு விட்டேன். மாவு அழகான ரோஜா நிறம். வெந்ததும் பழுப்பாகிவிட்டதே?
*வாசகி, ஈரோடு*

பீட்ரூட் நிறம் அடுப்புச் சூட்டைத் தாங்காது. சோடா போட்ட மாவில் இன்னும் சீக்கிரம் மங்கும். சாற்றைக் கிரீமில் கலந்துகொள்ளுங்கள், ஒரு டீஸ்பூனிலேயே நல்ல ரோஜா நிறம் வரும்.

வகுப்புப் பிள்ளைகள் 25 பேர் வருகிறார்கள். எவ்வளவு பெரிய கேக்?
*வாசகர், கோயம்புத்தூர்*

8 அங்குலச் சதுர டின்னில் இரண்டு கேக். ஒரு டின்னுக்கு மைதா 250 கிராம், சர்க்கரை 250 கிராம், முட்டை 5, எண்ணெய் 130 மில்லி, பால் 100 மில்லி, பேக்கிங் பவுடர் இரண்டரை டீஸ்பூன். நான்குக்கு நான்காக வெட்டினால் ஒன்றில் 16 துண்டு, இரண்டிலும் 32. கூட வரும் பெற்றோருக்கும் ஆகும். வருகிற பிள்ளைகளில் யாருக்காவது முட்டையோ கடலையோ ஒத்துக்கொள்ளாதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மெழுகுவர்த்தி எரியும்போது, பிறந்தநாள் விழாக்களில் அடிக்கும் அந்த நுரை ஸ்ப்ரேயை யாரும் கையில் எடுக்க விடாதீர்கள். பல ஸ்ப்ரேக்களில் நுரையைத் தள்ளும் வாயு தீப்பற்றக்கூடியது. குழந்தையின் முகம் அந்தச் சுடருக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது.

நான்கு வயது மகள் தானும் கேக் செய்வேன் என்கிறாள். அவளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?
*வாசகி, புதுச்சேரி*

சல்லடையைக் கொடுங்கள். தரையில் நியூஸ் பேப்பரை விரித்து, நடுவில் அகலமான தாம்பாளம் வைத்து, அரைக் கப் அரைக் கப்பாக மைதாவைப் போடுங்கள். அவள் தட்டத் தட்டப் பனி மாதிரி விழும். பாதி தாம்பாளத்துக்கு வெளியே போகும், அதனால் ஐம்பது கிராம் கூட எடுத்துவைத்து, சலித்த பிறகு எடை போட்டுக்கொள்ளுங்கள். டின்னுக்கு வெண்ணெய் தடவுவதும் அவள் வேலையாக இருக்கட்டும். பச்சை மாவை மட்டும் நக்க விடாதீர்கள். பச்சை முட்டை, பச்சை மைதா இரண்டுமே வயிற்றுக்கு ஆகாது. அதற்குப் பதிலாக, கேக்கை வெட்டிச் சமப்படுத்தும்போது மேலே ஒரு மெல்லிய வட்டம் மிஞ்சும். அதன் ஓரம் மொறுமொறுப்பாக இருக்கும். அதை அவளுக்கே கொடுத்துவிடுங்கள்.