அட்ஜெக்டிவல் ஃபிரேஸையும் அட்வெர்பியல் ஃபிரேஸையும் எப்படிப் பிரித்தறிவது?

"ப்ரெபொசிஷனில் ('ஆன்', 'இன்', 'வித்' போன்ற சொல்லில்) தொடங்கினால் அட்ஜெக்டிவல் ஃபிரேஸ்" என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் முதலில் அதை மறந்துவிடுங்கள். இந்தக் கேள்வி வருவதற்கே பெரும்பாலும் அந்த ஒரு வரிதான் காரணம். சொற்றொடர் எதில் தொடங்குகிறது என்று பார்க்காமல், வாக்கியத்தில் அதற்கு என்ன வேலை என்று பாருங்கள்: பெயர்ச்சொல்லை விவரித்தால் அட்ஜெக்டிவல், செயல் எங்கே, எப்போது, எப்படி நடந்தது என்று வெர்பை விவரித்தால் அட்வெர்பியல்.

'ஐ லைக் தி புக் ஆன் தி டேபிள்', 'ஐ புட் தி புக் ஆன் தி டேபிள்'. இரண்டிலும் 'ஆன் தி டேபிள்' இருக்கிறது. முதல் வாக்கியத்தில் அது எந்தப் புத்தகம் என்று காட்டுகிறது, எனவே அட்ஜெக்டிவல். அடுத்ததில் எங்கே வைத்தேன் என்று சொல்கிறது, எனவே அட்வெர்பியல். சந்தேகம் வந்தால் 'இட்' போட்டுப் பாருங்கள். 'ஐ லைக் இட்' என்றாலே போதும், மேசையும் அந்த 'இட்'டுக்குள் அடங்கிவிடுகிறது. 'ஐ புட் இட்' என்று நிறுத்த முடியாது. 'ஆன் தி டேபிள்' வெளியே நின்றாக வேண்டும். பெயர்ச்சொல்லோடு சேர்ந்து உள்ளே போவது அட்ஜெக்டிவல், வெளியே தங்குவது அட்வெர்பியல். 'ஐ சா எ மேன் வித் எ டெலஸ்கோப்' போன்றவை இரண்டு விதமாகவும் பொருள்படும். தொலைநோக்கி யார் கையில் இருந்தது என்று வாக்கியமே சொல்லாதபோது இரண்டு விடையும் சரிதான்.

அட்ஜெக்டிவ் ஃபிரேஸ் வேறு, அட்ஜெக்டிவல் ஃபிரேஸ் வேறு என்று இங்கே சிலர் சண்டைக்கு வரலாம். தெரியும். 'வெரி டால்' போல அட்ஜெக்டிவையே தலைச்சொல்லாக, அதாவது முதன்மைச் சொல்லாக, கொண்டதற்கு மட்டும் 'அட்ஜெக்டிவ் ஃபிரேஸ்' என்ற பெயரைத் தருவது இன்றைய இலக்கண நூல்களின் வழக்கம். கேட்டவருக்கு இப்போது வேண்டியது அந்தப் பெயர்ப் பஞ்சாயத்து இல்லை.

தமிழர்களுக்கு உண்மையான இடறல், சொற்றொடர் பெயருக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்பதில் இருக்கிறது. நம் மொழியில் அடைமொழி எவ்வளவு நீண்டாலும் பெயருக்கு முன்னால்தான் வரும். ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் பெரும்பாலும் முன்னால் நிற்கும், சொற்றொடர் பெரும்பாலும் பின்னால் போகும்: 'எ பக்கெட் ஃபுல் ஆஃப் வாட்டர்', 'வாட்டர் டு டிரிங்க்', 'தி பாய் சிட்டிங் நியர் தி டோர்'. முன்னால் வரும் 'எ டென்-இயர்-ஓல்ட் பாய்' போன்றவற்றில் ஹைஃபன் வேண்டும், 'இயர்ஸ்' என்று பன்மை கூடாது.

அடுத்த இடறல் பெயரெச்சம். 'கடித்த நாய்', 'நாய் கடித்த மனிதன்' இரண்டுக்கும் நமக்கு ஒரே 'கடித்த' போதும். ஆங்கிலம் இங்கே பிரிக்கிறது. பெயர்ச்சொல்லே அந்தச் செயலைச் செய்துகொண்டிருந்தால் 'இங்' வடிவம். செயல் அதன்மேல் நடந்திருந்தால் வெர்பின் மூன்றாம் வடிவம்: 'தி மேன் பிட்டன் பை தி டாக்'. செய்து முடித்த நாயைச் சொல்ல ஃபிரேஸ் உதவாது. 'தி டாக் ஹேவிங் பிட்டன் தி மேன்' என்று அடையாளம் காட்ட முடியாது. 'தி டாக் தட் பிட் தி மேன்' என்று துணை வாக்கியமே எழுத வேண்டும். துணை வாக்கியத்துக்குத் தனி எழுவாயும் காலம் காட்டும் வெர்பும் இருக்கும், ஃபிரேஸுக்கு அவை இருக்காது.

தேர்வில் மதிப்பெண் போகும் இன்னோர் இடம் 'இஸ்', 'ஆர்' பொருத்தம். 'தி பாக்ஸ் ஆஃப் பென்சில்ஸ் ஆர்' என்று எழுதுபவர்கள் வெர்புக்குப் பக்கத்தில் இருக்கும் 'பென்சில்ஸ்'ஸைப் பார்த்து ஏமாறுகிறார்கள். ஃபிரேஸை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள்: மிஞ்சுவது 'தி பாக்ஸ்', அதற்கு 'இஸ்'தான். 'தி பாய்ஸ் சிட்டிங் நியர் தி டோர்' என்பதில் மிஞ்சுவது 'தி பாய்ஸ்', அதற்கு 'ஆர்'.