தேடத் தெரியாத தலைமுறையா?

வணக்கம் ஐயா,

என் மகன் ஐந்தாம் வகுப்பு. எரிமலை பற்றி புராஜெக்ட் கொடுத்தார்கள். போனை எடுத்து வாயாலேயே கேட்டான், ஏஐ சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிவிட்டான். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குப் பார்த்துத் தேடிய எங்கள் காலத்தில் நாலு பக்கமாவது திறந்து படித்தோம். இவர்களுக்குத் தேடவே தெரியாமல் போய்விடுமா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

நாலு பக்கம் திறந்தோம் என்பது உண்மைதான். முதல் பக்கத்தில் வேண்டியது கிடைக்காததால் திறந்தோம். அதைப் பொறுமை என்று இப்போது சொல்லிக்கொள்கிறோம், அவ்வளவே.

குழந்தைகள் கணினியில் எப்படித் தேடுகிறார்கள் என்று அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆலிசன் ட்ரூயின் குழுவினர் 2009 வாக்கில் ஆராய்ந்தார்கள். 7, 9, 11 வயதுக் குழந்தைகளை அவரவர் வீட்டிலேயே பார்த்தார்கள். பிள்ளைகள் திணறியது பெரும்பாலும் கேட்கும் இடத்தில்: எழுத்துப்பிழை, எந்தச் சொல்லைப் போடுவது என்ற குழப்பம். தட்டும்போது கண் விசைப்பலகையில் இருந்ததால், திரையில் கூகுள் நீட்டிய பரிந்துரைகளைக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் பையனுக்கு இந்தச் சிரமம் எதுவும் இல்லை. 2017லேயே கூகுளின் குரல் உள்ளீட்டில் தமிழ் வந்துவிட்டது. 'எரிமலை ஏன் வெடிக்குது' என்று வீட்டில் பேசுகிற மாதிரியே கேட்கலாம். எழுத்துக்கூட்டத் தடுமாறும் குழந்தைக்கு இது பெரிய விடுதலை. அதைக் குறையாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

கிடைத்ததை அப்படியே நம்புவதும் புதிதல்ல, எப்போதுமே இப்படித்தான் இருந்திருக்கிறது. மரத்தில் வாழும் ஆக்டோபஸ் என்று ஒரு கேலித்தளம் 1998 முதல் இருக்கிறது. அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் அழிந்துவரும் உயிரினமாம், காப்பாற்ற வேண்டுமாம்! 2000களின் நடுவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லூ, இணையத்தில் படிப்பதில் கெட்டிக்காரர்கள் என்று கருதப்பட்ட ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் அதைக் காட்டினார். ஏறக்குறைய அத்தனை பேரும் நம்பினார்கள். புரளி என்று சொன்ன பிறகும் சிலர் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது ஏஐ எங்கே இருந்தது?

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது, உங்கள் கவலையில் நியாயம் இருப்பது அங்கேதான். ஆக்டோபஸ் பக்கத்துக்கு ஒரு முகவரி இருந்தது. எழுதியவர் யார் என்று கிளறிப் பார்க்க வழி இருந்தது. இன்று வரும் பதில் பத்து இடத்துச் சாம்பாரை ஒரே வாளியில் ஊற்றிக் கொண்டுவருகிறது. அடியில் மூலப் பக்கங்களுக்கான சுட்டிகள் (லிங்க்) இருந்தாலும் பிள்ளைகள் அதைத் தொடுவதாக நான் பார்த்ததில்லை. (பெரியவர்களும்தான்.)

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற ஆய்வாளர்கள் 10 வரலாற்றாசிரியர்கள், 10 செய்தி சரிபார்ப்பாளர்கள், 25 கல்லூரி மாணவர்களிடம் சில இணையதளங்களைக் கொடுத்து, நம்பலாமா என்று கேட்டார்கள். பல வரலாற்றாசிரியர்களே தளத்தின் தோற்றத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ வந்த வேகத்தில் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வேறு பக்கங்களைத் திறந்து, இதை நடத்துவது யார் என்று விசாரித்தார்கள். பையனுக்குப் பழக்க வேண்டியது இதைத்தான். போனைப் பிடுங்க வேண்டாம்.

எரிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தமானில் பாரன் தீவு இருக்கிறது, இந்தியாவில் இன்றும் உயிரோடிருக்கும் எரிமலை அது ஒன்றுதான். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்து 1991இல் மறுபடி வெடித்தது, அதற்குப் பிறகும் அவ்வப்போது புகைகிறது. 'கடைசியாக எப்போது வெடித்தது' என்று அவனைத் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். பிறகு விக்கிப்பீடியா, இந்தியப் புவியியல் ஆய்வு மையம், ஏதாவது ஒரு நாளிதழ். ஆண்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருக்க வாய்ப்பு அதிகம். எந்தப் பக்கம் எப்போது எழுதப்பட்டது, யார் எழுதியது என்று அவனே துப்புத் துலக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், விடையைச் சொல்லிவிடாதீர்கள்.