வைகையில் ஒரு பகல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அழகன்குளத்திலிருந்து கடல் வரை வைகையில் வத்தைப் படகில் போய்வந்ததாக நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் பரமக்குடிக்காரன். வைகை மணலில் கிரிக்கெட் விளையாடி வளர்ந்தவன். நீங்கள் போனது கடல் உள்ளே ஏறிக் கிடக்கும் உப்புத் தண்ணீர்தானே? அதை ஆறு என்று சொல்லலாமா? பத்து வயது மகளை அங்கே கூட்டிப்போகவும் ஆசை.

– பரமக்குடி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வருடத்தில் பெரும்பாலான நாட்களுக்கு நீங்கள் சொல்வது சரி. 1959இல் திறந்த வைகை அணை, பார்த்திபனூர் மதகணை, வழியெங்கும் கண்மாய்கள், கடைசியாக ராமநாதபுரம் பெரிய கண்மாய் என்று எல்லோரும் பங்கு வாங்கிக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் கடலுக்கு. சிவனுக்கு நஞ்சு தந்த கடல் என்பதால் வைகை அதில் போய்ச் சேர்வதில்லை என்று பழைய தனிப்பாடல் ஒன்று சொல்கிறது. ஆக, அணை வருவதற்கு முன்பே கதை இதுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பிடித்துப் பெரிய கண்மாய் நிறைந்துவிட்டால், மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரை என்ற ஊரில் இருக்கும் முகத்துவாரத்தைத் தேடி வரும். நான் போனது அப்படி ஒரு மார்கழியில்.

காலையில் காற்று எழும்புவதற்கு முன் கிளம்பினோம். வத்தைக்கு அடி தட்டை, முழங்கால் தண்ணீரிலும் போகும். வத்தைக்கார அண்ணன் துடுப்பைத் தொடவே இல்லை, கழி ஊன்றியே தள்ளினார். கோட்டைமேட்டைக் காட்டி, "அங்கதான் தோண்டுனாங்க" என்றார். அகழாய்வில் ரோமானியக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்த இடம். கப்பல் வந்துபோன ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் ஓரிடத்தில் தரை தட்டி, இறங்கி, முழங்கால் சேற்றில் நின்று தள்ளினோம்.

உங்கள் கேள்வியை நானும் அவரிடம் கேட்டேன். அவர் வாதம் எதுவும் செய்யவில்லை. மேல் தண்ணீரைக் கையில் அள்ளி, "நாக்குல வச்சுப் பாருங்க தம்பி" என்றார். லேசான கரிப்பு, அவ்வளவுதான். அப்புறம் காலி பாட்டிலின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, தோள் வரை கையை உள்ளே விட்டு, அங்கே விரலை எடுத்தார். மேலே வந்த தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீர் கனம் குறைந்தது, மேலே மிதந்து கடலுக்குப் போகிறது. கனமான கடல் தண்ணீர் அடியில் உள்ளே ஏறுகிறது. எங்கள் வத்தைக்குக் கீழே இரண்டும் எதிரெதிராகப் போய்க்கொண்டிருந்தன. "ஆறு வந்தாத்தான் எங்களுக்கு எறாலு" என்றார். வெள்ளை இறால் கடலில் பொரிந்தாலும், குஞ்சுகள் வளர்வது இந்த மாதிரிக் கலப்புத் தண்ணீரில்தான். மதுரைக்காரர்கள் செத்த ஆறு என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. மடவை மீன் துள்ளித் துள்ளி வத்தையில் மோதிய சத்தத்தை அவர்கள் கேட்டதில்லை.

மதியத்துக்குள் முகத்துவாரம். சீமைக்கருவேல நிழலில் கட்டுச்சோறு. திரும்பும்போது வாடை எழும்பிவிட்டது. கடல் பக்கமிருந்து அடிக்கும் காற்று என்பதால் அதுவே எங்களை மேலே கொண்டுவந்து சேர்த்தது.

மகளுக்கு முதல் பயணம் என்றால் தொண்டிப் பக்கம் காரங்காட்டுக்குப் போங்கள். கோட்டக்கரையாறு கடலில் சேரும் இடம் அது. வனத்துறை ஏற்பாட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு உண்டு, லைஃப் ஜாக்கெட்டும் தருவார்கள். வைகைதான் வேண்டும் என்று அவள் அடம்பிடித்தால், மழை நின்ற மார்கழியில், உள்ளூர் ஆள் ஒருவரோடு போங்கள். முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் மட்டும் வேண்டாம். வாடைக் காலத்தில் அந்தப் பக்கம் அலை அதிகம்.