வில்லியம் பெண்டிங்கின் குலவழி: கேள்வி பதில்

சென்னை மாகாண ஆளுநராக 1803 முதல் 1807 வரையிலும், பிறகு 1828 முதல் 1835 வரை கல்கத்தாவில் தலைமை ஆளுநராகவும் இருந்த வில்லியம் பெண்டிங்கின் வாழ்க்கை, குடும்பம் பற்றி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. இந்தக் குடும்பத்தில் பட்டம், நிலம், ரத்த உறவு மூன்றும் வெவ்வேறு வழியாக இறங்கியிருக்கின்றன. மூன்றையும் ஒரே கோட்டில் வரைந்தால் குலவழிப் படம் கட்டாயம் தப்பாகும். அதனால் ஒவ்வொன்றையும் பிரித்தே சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, பாடப் புத்தகத்தில் "பெண்டிங் பிரபு" என்று படித்தோம். அப்பா டியூக் என்கிறார்கள். அப்படியென்றால் இவர் ஏன் டியூக் ஆகவில்லை?

இவர் இரண்டாவது மகன், அதுதான் காரணம். 1774 செப்டம்பர் 14 அன்று பிறந்தார். தந்தை போர்ட்லாண்டின் 3ஆம் டியூக் (டியூக் என்பது ஆங்கிலேயப் பிரபுப் பட்டங்களில் மிக உயர்ந்தது). தாய் டோரதி, டெவன்ஷயரின் 4ஆம் டியூக்கின் மகள். ஆங்கிலேயப் பிரபு குலத்தில் பட்டம் மூத்த மகனுக்கு மட்டுமே போகும். பங்கு பிரிப்பது கிடையாது. டியூக்கின் இளைய மகன்கள் பெயருக்கு முன்னால் லார்டு என்று போட்டுக்கொள்வது மரியாதைக்காக மட்டும். சட்டத்தின் கண்ணில் அவர்கள் சாதாரணக் குடிமக்கள்தான்.

இதற்கு ஆதாரம் அவர் உட்கார்ந்த அவையிலேயே இருக்கிறது. உண்மையான பிரபு என்றால் பிரபுக்கள் சபைக்குப் போயிருப்பார். இவரோ நாட்டிங்காம்ஷயர், கிங்ஸ் லின், கடைசியில் கிளாஸ்கோ என்று தொகுதி தொகுதியாக நின்று மக்கள் சபைக்குப் போனவர். சென்னையில் இவருக்கு முன் ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவை ஒப்பிட்டுப் பாருங்கள். ராபர்ட் கிளைவின் மகனான அவர் பாரன் (Baron) என்ற பிரபுப் பட்டம் உள்ளவர், ஆகவே லார்டு கிளைவ் என்பது சரி. இவரை லார்டு வில்லியம் என்றுதான் எழுத வேண்டும். லார்டு பெண்டிங் என்றால் அப்படியொரு பட்டம் தனியாக இருந்தது போலாகிவிடும்.

ஆவணம் தேடுகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இவர் மனைவி கோஸ்ஃபோர்டின் முதலாம் எர்லின் (எர்ல் என்பது டியூக்குக்குக் கீழான பிரபுப் பட்டம்) மகள் மேரி ஆச்சிசன். 1803இல் திருமணம். அதற்கு முன் அவர் மேரி ஆச்சிசன், அதற்குப் பின் லேடி வில்லியம் பெண்டிங். மேரி என்று மட்டும் தேடினால் இந்தியாவில் இருந்த ஆண்டுகளின் கடிதங்கள் பலவும் கண்ணில் படாது.

கேள்வி: பெண்டிங் ஆங்கிலப் பெயரே இல்லை என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

உண்மை. மூலவர் ஹான்ஸ் வில்லெம் பெண்டிங், 1649இல் நெதர்லாந்தின் டீப்பன்ஹைமில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் பணியாளாகச் சேர்ந்தார். 1675இல் இளவரசருக்குப் பெரியம்மை வந்தபோது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் இவர்தான். தனக்கும் அம்மை தொற்றியது. 1688இல் அதே இளவரசர் இங்கிலாந்து மீது படையெடுத்து மூன்றாம் வில்லியமாக முடிசூடினார். அந்தப் படையெடுப்பின் ஏற்பாடுகளில் பெண்டிங்கின் கை பெரியது. 1689இல் போர்ட்லாண்டின் எர்ல் ஆக்கப்பட்டார்.

அவர் மகன் ஹென்றியை 1716இல் முதலாம் ஜார்ஜ் டியூக்காக உயர்த்தினார். ஆனால் 1720இல் தென்கடல் கம்பெனிப் பங்குகள் சரிந்தபோது ஹென்றியின் பணம் கரைந்தது. கடனைச் சமாளிக்க ஜமைக்கா ஆளுநர் பதவியை ஏற்றுப் போனார். 1726இல் அங்கேயே இறந்தார். ஆக, டியூக் குடும்பத்தில் கடல் கடந்து ஆளுநர் வேலைக்குப் போன முதல் ஆள் நம் வில்லியம் அல்ல.

கேள்வி: அப்படியென்றால் அத்தனை சொத்தும் எங்கிருந்து வந்தது சார்?

பெரும்பகுதி பெண்கள் வழியாக வந்தது. இந்தக் குலவழியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நாட்டிங்காம்ஷயரில் உள்ள வெல்பெக் மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட்விக்கின் பெஸ் என்று பெயர்பெற்ற எலிசபெத்தின் மகன் சார்லஸ் கேவண்டிஷ் கையில் அது வந்தது. அவர் மகன் வில்லியம் நியூகாசிலின் டியூக் ஆனார். அடுத்த டியூக் ஹென்றிக்குப் பின் ஆண் வாரிசு இல்லை. வெல்பெக் மகள் மார்கரெட்டுக்குப் போனது. மார்கரெட்டை மணந்தவர் ஜான் ஹோல்ஸ். அவர்களுக்கும் ஒரே மகள், ஹென்ரியெட்டா. அவரை மணந்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் 2ஆம் எர்ல் எட்வர்ட் ஹார்லி. அவர்களுக்குப் பின்னும் வாரிசு ஒரே மகள், மார்கரெட் கேவண்டிஷ் ஹார்லி. இந்த மார்கரெட் 1734இல் போர்ட்லாண்டின் 2ஆம் டியூக்கை மணந்தார். மூன்று தலைமுறை தொடர்ந்து மகள்கள் கையில் இறங்கிய சொத்து பெண்டிங் குடும்பத்துக்குள் வந்தது இப்படித்தான்.

கூடவே லண்டனின் மேரிலபோன் நிலமும் வந்தது. ஹார்லி தெரு, வெல்பெக் தெரு, கேவண்டிஷ் சதுக்கம், போர்ட்லாண்ட் பிளேஸ், பெண்டிங் தெரு என்று அந்தப் பகுதியின் தெருப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே பாதிக் குலவழி கிடைத்துவிடும்.

மார்கரெட் சொத்துக்காரி மட்டுமல்ல, தீவிரமான சேகரிப்பாளர். சிப்பி, பூச்சி, செடி, பழம்பொருள் என்று அவர் சேர்த்ததை 1786இல் ஏலம் விட 38 நாட்கள் ஆயின. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ரோமானியக் கண்ணாடிக் கலமான போர்ட்லாண்ட் ஜாடி அவரிடம் இருந்ததே. நம் வில்லியமுக்கு அவர் அப்பாவைப் பெற்ற பாட்டி.

கேள்வி: பாட்டியும் கேவண்டிஷ், அம்மாவும் கேவண்டிஷ். ஒரே குடும்பமா? குழப்பமாக இருக்கிறது.

இரண்டு கிளை, ஒரே வேர். பெஸ்ஸின் ஒரு மகன் வில்லியமின் வழி டெவன்ஷயர் டியூக்குகள். அம்மா டோரதி அந்தக் கிளை. இன்னொரு மகன் சார்லஸின் வழி நியூகாசில் டியூக்குகள். பாட்டி மார்கரெட் அந்தக் கிளை. வெல்பெக் வந்தது பாட்டியால்தான். அம்மா வழியாக வந்தது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள், அது தவறு. 1801இல் 3ஆம் டியூக் அரச அனுமதி பெற்றுக் குடும்பப் பெயரை கேவண்டிஷ்-பெண்டிங் என்று மாற்றினார்.

கேள்வி: வேலூர்ப் புரட்சிக்காக இவரைத் திருப்பி அழைத்தபோது அப்பா பிரதமராக இருந்தாரே. ஏன் காப்பாற்றவில்லை?

நல்ல கேள்வி. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் புரியும்.

1806 ஜூலை 10 விடியற்காலை வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதிய வடிவத் தலைப்பாகை, நெற்றிக் குறியும் காதணியும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற உத்தரவுகள் உடனடிக் காரணம். திப்புவின் மகன்கள் அதே கோட்டையில் காவலில் இருந்தது இன்னொரு காரணம். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்றே அடக்கினார். அந்த ராணுவ விதிகளைக் கொண்டுவந்தவர் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக். ஆனால் எதிர்ப்பு கிளம்பிய பிறகும் விதிகளைத் தாங்கிப் பிடித்தது ஆளுநரின் அரசு. ஆகவே இருவரையுமே திருப்பி அழைத்தார்கள்.

தந்தை இரண்டாம் முறை பிரதமரானது 1807 மார்ச் 31. வில்லியம் பதவி இழந்ததும் அதே 1807. திருப்பி அழைத்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் குழு. சென்னை ஆளுநர் கம்பெனியின் ஊழியர். அவரை நீக்கும் அதிகாரம் இயக்குநர்களிடம் இருந்தது. தந்தைக்கு அப்போது உடல்நலமும் இல்லை, அமைச்சரவையில் அவர் பிடியும் தளர்ந்திருந்தது. 1809 அக்டோபரில் பதவி விலகி அதே மாதம் இறந்தார். குடும்பச் செல்வாக்கு வில்லியமுக்கு 29 வயதுக்குள் ஒரு மாகாணத்தை வாங்கித் தந்தது. வேலூருக்குப் பிறகு அவரை அங்கேயே வைத்திருக்க அது போதவில்லை. இந்த அவமானத்தை அவர் மறக்கவே இல்லை. 1809இல் இயக்குநர்களுக்கு நீண்ட விளக்க மனு கொடுத்தார். இருபது ஆண்டு கழித்துத் தலைமை ஆளுநர் பதவியை நாடிப் பெற்றதில் அந்தக் காயத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

கேள்வி: அதன் பிறகு தமிழ்நாட்டுப் பக்கம் வந்தாரா?

வந்தார். 1834இல் உதகமண்டலத்தில் தங்கினார். இங்கிலாந்திலிருந்து சென்னையில் வந்து இறங்கிய மெக்காலே மலையேறிப் போய் அவரைச் சந்தித்ததும், தலைமை ஆளுநரின் ஆலோசனைக் குழுவில் சேர்ந்ததும் அங்கேதான்.

கேள்வி: எலிசபெத் ராணி பெண்டிங் பிரபுவின் நேரடி வாரிசு என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். சரியா அண்ணா?

இல்லை. வில்லியம்-மேரி தம்பதிக்குக் குழந்தை இல்லை. இந்தியாவிலிருந்து திரும்பியதும் பிரபுப் பட்டம் தருவதாகச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். வாரிசு இல்லாதவர், மீண்டும் மக்கள் சபைக்குப் போட்டியிட நினைத்தவர் என்பதே காரணம். 1839 ஜூன் 17 அன்று பாரிஸில் இறந்தார். மேரிலபோன் தேவாலயத்தில் குடும்பக் கல்லறையில் அடக்கம்.

ராணியின் வழி அவருடைய தம்பி சார்லஸ் மூலம். இந்தச் சார்லஸ் 1815இல் லேடி ஆப்டி என்ற திருமணமான பெண்ணோடு ஓடிப்போனார். அப்போதெல்லாம் முழு விவாகரத்துக்கு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும்; 1816இல் அது முடிந்து இருவரும் மணந்தார்கள். அந்தப் பெண் யார் தெரியுமா? திப்புவை வீழ்த்திய தலைமை ஆளுநர் ரிச்சர்ட் வெல்லெஸ்லியின் மகள் ஆன். சென்னையில் வில்லியம் ஆளுநராக வந்து சேர்ந்தபோது கல்கத்தாவில் அவருக்கு மேலிருந்தவர் இதே வெல்லெஸ்லிதான்.

சார்லஸ்-ஆன் தம்பதியின் மூத்த மகன் பாதிரியார் சார்லஸ். அவர் மகள் செசிலியா. செசிலியா 1881இல் மணந்தவர் பிற்காலத்தில் ஸ்ட்ராத்மோரின் 14ஆம் எர்ல் ஆனார். அவர்கள் மகள் எலிசபெத் போவ்ஸ்-லையன், ஆறாம் ஜார்ஜின் மனைவி. அவர் மகள்தான் இரண்டாம் எலிசபெத். ஆகவே ராணி வெல்லெஸ்லியின் நேரடி வாரிசு. பெண்டிங்கோ அவருடைய முன்னோரின் அண்ணன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாதிரியார் சார்லஸுக்குப் பின் எஞ்சிய பிள்ளைகள் எல்லோரும் மகள்கள். ஒரு மகன் இருந்திருந்தால் 1879இல் அவன்தான் போர்ட்லாண்டின் 6ஆம் டியூக். மகன் இல்லாததால் பட்டம் பாதிரியாரின் தம்பி ஆர்தரின் மகனுக்குப் போனது. பட்டத்தைத் தவறவிட்ட கிளையில் இருந்துதான் அரசி வந்தார்.

கேள்வி: 1879இல் பட்டம் போன வழியில் சொத்தும் போனதா?

பாதிதான். 5ஆம் டியூக், நம் வில்லியமின் அண்ணன் மகன், மணம் செய்துகொள்ளாமல் இறந்தார். வெல்பெக்கில் நிலத்தடி அறைகளும் சுரங்கப் பாதைகளும் கட்டியவர் அவரே. வெல்பெக் 6ஆம் டியூக்குக்குப் போனது. மேரிலபோன் நிலமோ டியூக்கின் சகோதரிகளுக்குப் போய், அவர்களில் லூசி வழியாக ஹோவர்ட் டி வால்டன் குடும்பத்துக்குச் சேர்ந்தது. இன்று ஹார்லி தெருவின் நில உடைமையாளர்கள் அவர்களே.

அந்த 5ஆம் டியூக்கே ட்ரூஸ் என்ற பெயரில் கடை நடத்தி இரட்டை வாழ்க்கை வாழ்ந்தார், ட்ரூஸின் சவப்பெட்டி காலி என்று ஒரு வழக்கு நடந்தது. 1907 டிசம்பரில் பெட்டியைத் திறந்தார்கள், ட்ரூஸின் உடல் உள்ளேயே இருந்தது. அதோடு வழக்கு முடிந்தது. குலவழியில் அதற்கு இடமில்லை.

கேள்வி: டியூக் பட்டம் 1990இல் அழிந்தது என்கிறார்கள், ஆனால் போர்ட்லாண்டின் 12ஆம் எர்ல் இப்போதும் இருக்கிறார். எப்படி?

எந்தப் பட்டம் யாருடைய ஆண் வாரிசுகளுக்கு என்று அதை வழங்கிய சாசனம் சொல்லும். 1716இன் டியூக் பட்டம் ஹென்றியின் ஆண் வழிக்கு மட்டும். 1689இன் எர்ல் பட்டம் ஹான்ஸ் வில்லெமின் ஆண் வழிக்கு. 1990இல் 9ஆம் டியூக் இறந்ததும் ஹென்றியின் ஆண் வழி அற்றுப்போனது. ஆனால் ஹான்ஸ் வில்லெமுக்கு இரண்டாம் மனைவி மூலம் 1704இல் பிறந்த வில்லெம் என்ற மகன் உண்டு. அவர் வழி நெதர்லாந்தில் தொடர்ந்தது. எர்ல் பட்டம் அங்கே தாவியது.

எண்ணிக்கை ஏன் ஒத்துவரவில்லை என்றால், ஹென்றி 2ஆம் எர்லாக இருந்துதான் முதலாம் டியூக் ஆனார். அதனால் எர்ல் எண் எப்போதும் ஒன்று கூடுதல். 9ஆம் டியூக் 10ஆம் எர்லும் ஆவார். அவருக்குப் பின் வந்தவர் 11.

கேள்வி: தாஜ்மகாலை இடித்து விற்கப் பார்த்தவர் இவர்தானே?

அதற்கு ஆதாரம் இல்லை. ஆக்ரா கோட்டை அரண்மனையிலிருந்து கழித்த பளிங்குக் கற்களை விற்றார்கள். அதிலிருந்து கிளம்பிய வதந்தி.

கேள்வி: நானே ஆவணங்களில் தேட விரும்புகிறேன். எங்கே தொடங்குவது, எங்கே வழுக்கும்?

இறப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 1858க்கு முந்தைய பெரிய குடும்பத்து உயில்கள் லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அடுத்து நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் போர்ட்லாண்ட் சேகரிப்பு. வில்லியமின் சொந்தத் தாள்கள் அங்கே. கம்பெனிப் பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பிரிவில். சென்னை ஆளுநர் காலத்துக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

வழுக்கும் முதல் இடம் பெயர். வில்லியமும் அவர் அண்ணனும் இருவருமே வில்லியம் ஹென்றி. அப்பாவும் வில்லியம் ஹென்றி. தம்பி சார்லஸின் முழுப் பெயர்கூட வில்லியம் சார்லஸ் அகஸ்டஸ். பெயரை மட்டும் நம்பி ஒரு ஓவியத்தையோ கடிதத்தையோ ஒருவர் கணக்கில் எழுதாதீர்கள். ஆண்டு, அன்றைய பட்டம், எழுதிய ஊர் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அண்ணன் 1809 வரை டிட்ச்ஃபீல்ட் (டியூக்கின் மூத்த மகன் என்பதால் கிடைத்த மரியாதைப் பட்டம்) என்றும், அதன் பிறகு போர்ட்லாண்ட் என்றும் கையெழுத்திடுவார்.

இரண்டாவது, நாட்காட்டி. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்ட ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. ஜனவரி முதல் மார்ச் 24 வரை உள்ள தேதியைப் பார்த்தால் இரண்டு ஆண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். ஹான்ஸ் வில்லெமின் டச்சுக் கடிதங்களில் நாளும் 10 அல்லது 11 மாறும். எந்த ஊரில் எழுதியது என்பதை வைத்துத் திருத்துங்கள்.