ஜெனரேட்டர் சூட்டில் ஏசி ஓடுமா?

வணக்கம் சகோ. சிங்கப்பூர் துவாஸ் சமையல்கூடத்தில் கேஸ் ஜெனரேட்டரின் சூடு வீணாகிறதே, அதில் ஏசி ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஓட்டலாம். லித்தியம் புரோமைடு அப்சார்ப்ஷன் சில்லருக்கு (சூட்டை வைத்தே குளிர்விக்கும் இயந்திரம்) எஞ்சினைச் சுற்றி வரும் 90 டிகிரி தண்ணீரே போதும். ஆனால் 100 கிலோவாட் சூட்டுக்கு 70 கிலோவாட் குளிர்ச்சிதான் கிடைக்கும். சூட்டை வெளியே தள்ளும் கூலிங் டவரும் பெரிதாக வேண்டும்.

நானாக இருந்தால் அந்தச் சூட்டை முதலில் அண்டா கழுவும் வெந்நீருக்குத் திருப்புவேன். எண்ணெய்ப் பிசுக்கு 60 டிகிரியில்தான் சொன்ன பேச்சு கேட்கும்! எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கழுவும் தண்ணீருக்கு மாற்ற ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஒரு டேங்க், அவ்வளவுதான். இப்போது கேஸ் பாய்லரில் காய்ச்சுகிறீர்கள் என்றால், மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட் (கிலோவாட் மணி) கேஸுக்கும் சுமார் 0.2 கிலோ கார்பன் டை ஆக்சைடு குறையும்.

பழைய ரேடியேட்டரை மட்டும் கழற்றிவிடாதீர்கள். கழுவல் நின்ற நேரத்தில் சூடு வெளியேற வழி வேண்டும்.