நல்லது எதுவும் நினைவில் நிற்கவில்லை, இது மறதி நோயா?

இல்லை. 44 வயதில் வரவு செலவுக் கணக்கைப் பிசகாமல் பார்க்கிறீர்கள். கண்ணாடியை வைத்த இடம் தெரியாததும், பெயர் நுனிநாக்கில் நின்றுகொண்டு வர மறுப்பதும் எல்லோருக்கும் நடப்பவை, விட்டுத்தள்ளுங்கள். மறதி நோயில் பழகிய பாதையே தவறும், தெரிந்த வேலையின் வரிசை குழம்பும். பெரும்பாலும் அதை முதலில் கவனிப்பது வீட்டில் இருப்பவர்கள்தான்.

நெட்டில் படித்துவிட்டு, ஊக்கத்தோடும் ஆர்வத்தோடும் தொடர்புடைய மூளை ரசாயனமான ‘டோபமின் குறைவு’ என்று முடிவுகட்டி, நினைவாற்றல் கேப்சூலும் வாங்கியிருக்கிறீர்கள். மூளையில் டோபமின் குறைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் சோதனை எதுவும் கிடையாது. கேப்சூலை இன்றே நிறுத்துங்கள்.

“இன்னைக்கு என்ன நல்லது நடந்தது?” என்று மகள் இரவில் கேட்கும்போது பதில் வராததுதான் உங்களை உலுக்கியிருக்கிறது. கவனம் இல்லாமல் எதுவும் நினைவில் பதியாது. ஆபத்தையும் அவமானத்தையும் மூளை தானாகவே பிடித்துவைத்துக்கொள்ளும். சின்னச் சந்தோஷத்துக்கு அந்தச் சலுகை இல்லை, நாம்தான் சற்று நின்று கவனிக்க வேண்டும். போட்டோ எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் வெறுமனே பார்த்த பொருள்களைவிட முழுதாகப் படமெடுத்த பொருள்களே குறைவாக நினைவில் நின்றன. ஒரு பகுதியை நெருங்கிப் படமெடுத்தபோது அந்தக் குறை இல்லை.

ஆகவே நெருங்கிப் பாருங்கள். நல்ல கணம் வரும்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, பதினைந்து விநாடி அதிலேயே இருங்கள். இரவில் ஒரு நோட்டில் அன்றைய நல்லவற்றில் மூன்றை மட்டும் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஏன் நடந்தது என்று ஒரு வரி. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவின் 2005 ஆய்வில் ஒரு வாரம் இப்படி எழுதியவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. பலரும் சொதப்புவது எழுதும் விதத்தில்தான். ‘குடும்பம், ஆரோக்கியம்’ என்று தினமும் எழுதினால் நாலாம் நாளே அது மந்திரம் ஓதுவதுபோல் ஆகிவிடும். ‘மகள் கை கழுவிய ஈரத்தோடு கன்னத்தைத் தொட்டாள், சில்லென்று இருந்தது’ என்று எழுதினால் அடுத்த மாதம் படிக்கும்போதும் கன்னம் சில்லிடும். ஒரு வாரத்துக்குப் பிறகு அலுப்புத் தட்டினால் வாரம் ஒரு நாள் போதும்.

இனிச் சொல்வதை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். மகள் தொட்ட அந்த நொடியில் மனம் மலர்ந்ததா? மலர்ந்து, இரவில் மறந்துபோனால் மேலே சொன்ன பயிற்சியே போதும். தொடும்போதே ஒன்றும் தோன்றவில்லை, முன்பு ஆசையாகச் செய்தவை எல்லாம் சப்பென்று இருக்கின்றன, இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாள்கள் இப்படித்தான் என்றால், அது மறதி அல்ல. மனச்சோர்வின் முக்கிய அறிகுறி. அழுகையும் சோகமும் இல்லாமலேகூட மனச்சோர்வு வரும், அதனால்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அந்த நிலையில் நோட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள். எழுத ஒன்றும் கிடைக்காமல், ‘என்னால் இதுகூட முடியவில்லையே’ என்ற குற்ற உணர்வுதான் மிஞ்சும்.

மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 அளவுகளைப் பார்க்கச் சொல்லலாம், இவற்றில் குறை இருந்தாலும் மனமும் உடலும் மந்தமாகும். தூக்கம் எப்படி என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தாலேயே உணர்ச்சி மழுங்குவதுண்டு. அதையும் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். வெறுமையாக விட்ட பக்கங்களில் தேதி மட்டும் இருந்தாலும் எப்போதிலிருந்து இப்படி என்று மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.