தாத்தாவின் பட்டாளத்துக் கடிதங்கள்: லேமினேட் செய்யலாமா?

கேள்வி: எங்கள் தாத்தா நெல்லிக்குப்பம் பக்கத்து விவசாயி. 1942-இல் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லை வரை போனவர். வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. போன மழையில் பெட்டிக்குள் ஈரம் இறங்கி, சில தாள்களில் ஊதா நிறம் படர்ந்துவிட்டது. லேமினேட் செய்துவிடலாமா? சண்டையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, கடலையும் மாடும்தான். எந்த ஊரிலிருந்து எழுதினார் என்பதும் இல்லை. எல்லாவற்றையும் வைத்திருக்கத்தான் வேண்டுமா?

பதில்: லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. செலோடேப்பும் அப்படித்தான், சில வருஷத்தில் பழுப்புக் கறை விட்டுவிடும்.

அந்த ஊதா பெரும்பாலும் பூஞ்சை இல்லை. களத்தில் பேனாவும் மைப்புட்டியும் தோதுப்படாது என்பதால் சிப்பாய்கள் பலர் காப்பியிங் பென்சிலில் எழுதினார்கள். அதன் கரியில் சாயம் கலந்திருக்கும், நீர் பட்டால் ஊதாவாக இளகும். அதனால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வியர்த்த கையால் தொடவும் வேண்டாம். நிழலில், காற்றோட்டத்தில் உலரவிட்டு, முன்பக்கம், பின்பக்கம், உறை மூன்றையும் படமெடுத்துவிடுங்கள். பிறகு அமிலமற்ற தாளில் மடித்து, அட்டைப் பெட்டியில், தரையிலிருந்து உயரமாக வையுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம். கடலூரில் புயலுக்கும் வெள்ளத்துக்கும் பஞ்சமில்லை, ஆகவே படங்களின் ஒரு பிரதி வெளியூர் உறவினரிடம் இருக்கட்டும்.

அடுத்து, 'கடலையும் மாடும்தான்' என்கிறீர்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இடத்தின் பெயரையோ படை நகர்வையோ எழுதினால் தணிக்கையில் அடித்துவிடுவார்கள். மிஞ்சியது வீட்டு விஷயம். ஆனால் அதில் காலம் ஒளிந்திருக்கிறது. 'ஆடிப்பட்டத்துக்குக் கொல்லை உழுதாச்சா' என்று கேட்டிருந்தால் அது பெரும்பாலும் ஆனி, ஆடியில் எழுதியது. கடலை பிடுங்கக் கூலி எவ்வளவு என்று கேட்டால் அறுவடை நெருங்கிவிட்டது. ஒன்று மட்டும் கவனம்: ஊர்ச் சேதிக்குப் பதிலாக எழுதியிருந்தால், தபால் போய்வந்த சில வாரங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாட்டின் பெயர், கொல்லையின் பெயர் எல்லாம் வீட்டில் மூத்தவர்களுக்குத்தான் தெரியும், இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

தலைப்பில் தமிழ் வருஷம் இருந்தால் வேலை இன்னும் சுலபம். சித்திரபானு 1942 ஏப்ரலில் தொடங்கியது, அப்புறம் சுபானு, தாரண, பார்த்திப. 'தாரண வருஷம் ஆனி' என்றிருந்தால் 1944 ஜூன்-ஜூலை, அதாவது மணிப்பூரில் ஜப்பானியப் படை போட்ட இம்பால் முற்றுகை உடைந்த சமயம். மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵ என்ற குறிகளும் வரலாம். ணை, லை, ளை, னை நான்கும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவில் இருக்கும். கடிதத்துக்குக் கடிதம் கையெழுத்து மாறினாலும் குழம்ப வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்துச் சிப்பாயிடம் சொல்லி எழுதச் சொல்வது சகஜம்.

உறைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முத்திரையில் எஃப்.பி.ஓ. என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். அது படையோடு இடம் மாறிய களத் தபால் நிலையத்தின் எண். போர்க்காலத் தபால் சேகரிப்பாளர்கள் இந்த எண்களுக்குப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். எண்ணையும் முத்திரைத் தேதியையும் சேர்த்துக் கொடுத்தால்தான் இடம் பிடிபடும்.

அனுப்புநர் முகவரியில் தாத்தாவின் சிப்பாய் எண்ணும் படைப்பிரிவும் இருக்கிறதா பாருங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரு. அங்குள்ள ஆவணப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம். வாரிசுச் சான்றின் நகலை முதல் கடிதத்திலேயே இணைத்துவிடுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால், கடலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.